வடக்குச் சரிவு

மார்ச் 9

என்னங்க,

போனில் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது. காட்டுக்குள் டவரும் கிடைப்பதில்லை.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் மரங்கள். கீழேயிருந்து செயினுக்குப் போடும் எண்ணெய் வாசம் ஏறி வருகிறது. கடைக்காரம்மாவுக்கு நம் பெரியவனை ஞாபகம் இருக்கிறது. "முன் டயர்ல காத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கப்பான்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே கொறைச்சுக்கிட்டுப் போச்சு அந்தப் பிள்ளை" என்றாள். போன ஜூலையில் அவன் காணாமல் போனபோது போலீசுக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். 'சிரிச்சுக்கிட்டே' என்ற அந்தச் சொல்லுக்காக அவளை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னேன்.

அவளிடமே ஒரு பழைய கிராவல் சைக்கிளை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அவன் வைத்திருந்தது மாதிரியே வளைந்த கைப்பிடி, தடித்த டயர். இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. தேவைதான். நடந்தால் ஒரு நாளில் ஒரு சரிவைக்கூட முடிக்க முடியாது. ஜீப்போ அந்தச் சரளைப் பாதைகளில் நுழையாது. போலீஸ் ஜீப் போன இடம் வரைக்கும்தான் தேடியது. மேலே பறக்கவிட்ட கேமராவுக்கு மரத்தின் தலைதான் தெரியும், அடி தெரியாது.

முதல் நாளே விழுந்தேன். முழங்கையில் தோல் போய்விட்டது. இறக்கத்தில் பயந்துபோய் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். "பயந்தாத்தான் விழுவீங்க. கையைத் தளர்த்துங்க, வண்டி தானா வழி பார்த்துக்கும்" என்கிறாள் கடைக்காரம்மா. அவன் கடைசியாக அனுப்பிய படத்தில் இருந்த பதுங்குகுழியை நேற்றுப் பார்த்தேன். பழைய போரில் கட்டிய காங்கிரீட் அறை. சுவரில் துப்பாக்கி நீட்டுவதற்கு ஒரு கீறல் மாதிரி திறப்பு. உள்ளே போய் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரலே திரும்பி வந்தது.

சாப்பாட்டு மேஜையில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கிளம்பி வந்தேன் என்று நினைக்காதீர்கள். அதற்காகவும்தான் வந்தேன்.


மார்ச் 21

சின்னவள் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கைக்கு மருந்து போட்டாயா என்று நான் கேட்கத் தேவையில்லை, நீ ஆஸ்பத்திரிக்காரி. ஆனால் ஊரில் எல்லோருடைய எலும்பையும் படம் பிடித்துப் பார்த்தவள், ஜல்லியில் விழுந்து உன் எலும்பை உடைத்துக்கொள்ளப் போகிறாய்.

இங்கே எல்லாம் அப்படியேதான். எக்ஸ்ரே பிரிவிலிருந்து உன் விடுப்பு எப்போது முடிகிறது என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். எதிர்வீட்டுக்காரர் தினமும் "ஏதாவது தெரிஞ்சுதா?" என்கிறார். மழை வருமா என்று கேட்கிற அதே குரலில். அவருடைய கண்ணாடி பிரேம் தளர்ந்து மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. சரிசெய்து தரச் சொல்லி நீட்டினார். கடைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் என்னால் பழிவாங்க முடிந்தது.

சின்னவளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. கால் வீங்குகிறது. மாப்பிள்ளை நல்ல பையன்தான், ஆனால் எதற்கெடுத்தாலும் அவள் முகத்தைப் பார்த்து முழிக்கிறான். அவள் உன்னைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. கேட்டால் பரவாயில்லை போலிருக்கிறது.

நமக்கு இரண்டு பிள்ளைகள். இதை நினைவுபடுத்துவது குத்திக்காட்டுவதற்காக இல்லை. வேறு யார் சொல்வார்கள் உனக்கு?


ஏப்ரல் 6

என்னங்க,

சின்னவள் பிறந்த பிறகும் என்னைப் பெரியவன் அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு தடவைகூட மாற்றியதில்லை. இப்போது சின்னவள் அம்மாவுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். பேனா தவறியதா, இல்லை வேண்டுமென்றே எழுதினீர்களா? அந்த ஒரு வரியைத் தாண்டி மற்றதைப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

நான் சும்மா சுற்றிக்கொண்டிருக்கவில்லை. தெற்குச் சரிவு முழுக்க முடித்துவிட்டேன். டாங்கிகளை மறிக்க நட்ட காங்கிரீட் பற்கள் வரிசையாக நிற்கும் ஓடைக்கரை, எண்ணெய் சேமித்த சுரங்கம், இடிந்த சமையல்கூடம், எல்லாவற்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று. வௌவால்களுக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்கும்.

போன வாரம் பழைய விமான ஓடுதளத்துக்குப் போனேன். நடுக்காட்டில் நேர்கோடாக ஒரு வெளி. காங்கிரீட் வெடிப்புகளில் மரங்கள் முளைத்திருக்கின்றன. அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மிதித்தேன். காற்று முகத்தில் அடித்தது. டயருக்கு அடியில் பொடிக்கல் சரசரவென்று பேசியது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதற்காகத்தான் அவன் வந்தான் என்று புரிந்தது. மறுமுனையில் இறங்கி, சைக்கிளைப் போட்டுவிட்டு வாந்தி எடுத்தேன். பெற்ற பிள்ளையைத் தேட வந்த இடத்தில் எனக்கு எப்படிச் சந்தோஷம் வரலாம்?

பக்கத்திலேயே சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம். எல்லாம் நம் பையனைவிடச் சின்ன வயது. சில கற்களில் பெயரே இல்லை. அந்த அம்மாக்களுக்குப் பெயரில்லாத கல்லாவது கிடைத்தது என்று பொறாமைப்பட்டேன். என் புத்தி இப்போது இந்த லட்சணத்தில்தான் வேலை செய்கிறது.


ஏப்ரல் 25

சின்னவள் அம்மாவுக்கு,

பேனா தவறவில்லை.

அவன் காணாமல் போன பிறகு நான் வீட்டுக்குள் நுழைந்து "பெரியவன் அம்மா" என்று கூப்பிட்டால், கையில் எதை வைத்திருந்தாலும் அதைப் போட்டுவிட்டு ஓடி வருவாய். அவனைப் பற்றி ஏதோ சேதி கொண்டு வந்திருக்கிறேன் என்று உன் முகம் விரியும். எனக்குக் குடிக்கத் தண்ணீர்தான் வேண்டியிருக்கும். அந்த முகம் மறுபடி சுருங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்தினேன். நீ கவனிக்கவில்லை. கடிதத்தில்தான் கவனித்திருக்கிறாய்.

போன திங்கட்கிழமை ஓர் இளைஞன் கடைக்கு வந்தான். கண் டாக்டர் கொடுத்த சீட்டைப் பார்த்தேன். அப்படியே பெரியவனின் பவர். இரண்டு கண்ணுக்கும். லென்ஸைத் தேய்த்து, பிரேமில் பொருத்தி, நானே அவன் காதில் மாட்டிவிட்டேன். "சூப்பரா தெரியுது சார்" என்றான். அவன் கிளம்பியதும் பின்கட்டுக்குப் போன நான் திரும்பி வரவில்லை. முதலாளி வந்து பார்த்தபோது மெஷின் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்ததாம், நான் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தேனாம்.

அவன் செத்துவிட்டான் என்று மேஜையில் நான் சொன்னது எனக்கு ஏதோ தெரிந்துவிட்டதால் சொன்னதில்லை. கால் உடைந்து ஒரு பள்ளத்தில் கிடக்கிறான், நம்மைக் கூப்பிடுகிறான், யாரும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு தினமும் காலையில் எழுந்து பல் விளக்க என்னால் முடியவில்லை. செத்துவிட்டான் என்றால் அவனுக்கு வலிக்காது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சின்னவளுக்கு ஜூன் முதல் வாரம் என்கிறார்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. நேற்றுத்தான் வாயைத் திறந்து கேட்டாள்: "அம்மா வருவாளாப்பா?" நீயே பதில் எழுது.


மே 18

என்னங்க,

வருகிறேன். முப்பத்தொன்றாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். சின்னவளிடம் சொல்லுங்கள். படுக்கும்போது காலுக்குத் தலையணை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தலைவலி வந்தாலோ கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மாப்பிள்ளையை முழிக்க விடாதீர்கள்.

இனி வடக்குச் சரிவு மட்டும்தான் பாக்கி. பெரிய பகுதி. மழையில் பாதை அரித்துப்போய்க் கிடக்கிறது. அதைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்கிறேன். சைக்கிளைத் தனக்குச் சொந்தமானது மாதிரித் துடைத்து வைக்கிறேன் என்று கடைக்காரம்மா சொல்லியிருக்கிறாள், அது அவளுடையதுதான் என்பதை மறந்து. அவளும் நானும் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம்.

அந்தப் பையனுக்குக் கண்ணாடி மாட்டிவிட்ட உங்கள் கையை நேரில் வந்து பிடித்துக்கொள்கிறேன்.


ஜூன் 4

சின்னவள் அம்மாவுக்கு,

ரயில் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். பெட்டிகளைக் கழுவ ஆட்கள் ஏறும் வரைக்கும் பிளாட்பாரத்தில் நின்றேன்.

உன் போன் அணைந்திருந்தது. காடு உன்னையும் விழுங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, இனி யாரைத் தேடுவது, முதலில் மகனையா மனைவியையா என்று நிஜமாகவே யோசித்தேன். பிறகு சைக்கிள் கடை நம்பரைக் கண்டுபிடித்துக் கேட்டால், "ரூம்லதான் சார் இருக்காங்க. ஒண்ணும் ஆகல. யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறாங்க" என்கிறாள் அந்த அம்மா. உயிரோடு இருக்கிறாய் என்று கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, கோபம்.

மறுநாளே சின்னவளுக்கு வலி வந்தது. அழுத்தம் எகிறி, அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ரத்தம் நிறையப் போய்விட்டது. இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். இப்போது பரவாயில்லை. தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வந்தாச்சாப்பா?" என்றாள். வந்துகொண்டே இருக்கிறாள் என்றேன்.

கண் விழித்ததும் சுற்றிப் பார்த்தாள். நான் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "காணாமப் போனாத்தான் நம்ம வீட்டுல தேடுவாங்க போல."




ஜூன் 13

என்னங்க,

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ரயில் சாயங்காலம்தான். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். காலையில் சும்மா இருக்க முடியாமல், வடக்குச் சரிவின் வாய் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். மழைக்கு மண் சரிந்து, பாதைக்கு மேலே ஒரு சுரங்கத்தின் வாசல் புதிதாகத் திறந்திருந்தது. மூங்கில் திரையை விலக்கியது மாதிரி வேர்கள் தொங்கின. சைக்கிளைக் கீழே கிடத்திவிட்டு ஏறினேன்.

உள்ளே சுவரில் சாய்ந்து ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். எலும்புதான். தலை மார்பின் மேல் கவிழ்ந்திருந்தது.

நிறத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வருஷம்கூட ஆகாத எலும்பு அப்படிக் காவி ஏறி இருக்காது. இத்தனை வருஷம் எலும்பு பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை. "வந்துட்டேன்டா" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். மதில் மேலிருந்து விழுந்து பெரியவன் தோளருகே காறை எலும்பை உடைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். அந்தப் படத்தை எடுத்ததே நான்தான். அதே இடத்தில் கையை வைத்துத் தடவினேன். வழவழவென்று இருந்தது. உடைந்த தடம் இல்லை. பிளேட் இல்லை. இன்னொரு பக்கமும் தடவினேன். பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. மட்கிய பூட்ஸ். துருப்பிடித்த இரும்புத் தொப்பி. பக்கத்தில் மரப்பெட்டிகள், உள்ளே குண்டுகள்.

அழுதேன். எதற்காக அழுதேன் என்று உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அது அவன் இல்லையே என்று அழுதேன். அவனாக இருந்திருக்கக் கூடாதா, இங்கே, என் கைக்கு எட்டுகிற இடத்தில், செத்து, முடிந்துபோய் இருந்திருக்கக் கூடாதா என்று அழுதேன். உங்களை எந்த வார்த்தைக்காக விட்டுவிட்டு வந்தேனோ, அதே வார்த்தையை அந்தக் குகைக்குள் உட்கார்ந்து நான் வேண்டிக்கொண்டேன். யாரோ பெற்ற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நீ ஏன் என் பிள்ளையாக இல்லை என்று அவனைத் திட்டினேன்.

இருட்டுகிற நேரத்தில் காட்டுக் காவலர் சைக்கிளைப் பார்த்துவிட்டு மேலே வந்தார். அதற்குள் ரயில் போயிருக்கும். போலீஸ் ஸ்டேஷனில் போன் இருந்தது. நான் பேசியிருக்கலாம். வாயைத் திறந்தால் சின்னவள் பிரசவத்துக்குப் போகிற நேரத்தில் என்னவெல்லாம் வெளியே வருமோ என்று பயந்தேன். அறைக்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அவள் சொன்னது சரிதான் என்று அவளிடம் சொல்லுங்கள். குழந்தைக்கு யார் ஜாடை?


ஜூலை 1

சின்னவள் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைச் சின்னவளுக்குப் படித்துக் காட்டினேன். எதையும் விடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கேட்டாள். முடிந்ததும், "வரட்டும்ப்பா. வீடு அவளோடதுதானே. ஆனா என்கிட்ட பேசச் சொல்லாதீங்க. குழந்தையைக் குடுன்னும் கேக்க வேண்டாம்" என்றாள். அவளைச் சமாதானப்படுத்த நான் முயலவில்லை. என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது? அவள் செத்துப் பிழைத்தபோது நீ இல்லை. அது நடந்தது நடந்ததுதான்.

நீ அந்தக் குகையில் வேண்டிக்கொண்டதை நான் போன வருஷத்திலிருந்தே வேண்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம். நல்ல இடம் இல்லை. ஆனால் ஒரு வருஷமாக நான் அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தேன்.

குழந்தைக்கு யார் ஜாடை என்று கேட்டிருந்தாய். அவன் ஜாடைதான். நெற்றியும் காதும். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும் சொன்னார். சின்னவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வந்துவிடு.


ஜூலை 30

என்னங்க,

அந்தச் சிப்பாயின் கழுத்தில் பேர் பொறித்த தகடு இருந்ததால் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தம்பி ஒருவர் உயிரோடு இருக்கிறார். தள்ளாத வயது. பேத்தி சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் பேசுவது எனக்குப் புரியாது. அவள்தான் நம் மொழியில் சொன்னாள். கண்டெடுத்தவளைப் பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தாராம்.

"அண்ணன் போர்லேருந்து ஓடிப்போயிட்டான்னு ஊர்ல சொன்னாங்களாம். வேற எங்கயோ குடும்பம் நடத்துறான்னு இவங்களும் நம்பிட்டாங்க. இவங்க அம்மா சாகற வரைக்கும் அவரைத் திட்டிக்கிட்டே இருந்தாங்களாம்" என்றாள் பேத்தி. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். அண்ணன் எப்படிக் கிடந்தான் என்று கேட்கிறார் என்றாள். தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தார் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "நீங்க எதுக்கும்மா அந்தக் காட்டுக்குள்ள போனீங்க?" என்று பேத்தி மூலமாகக் கேட்டார். அவர் முகத்திலிருந்து அத்தனை வருஷப் பாரமும் இறங்கியிருந்தது. "சும்மா, சைக்கிள் ஓட்டத்தான்" என்றேன்.

எலும்புகள் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாரோ ஒருவர் வீட்டுக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் ராணுவ வண்டிகள் வந்தன. நான் பார்த்த அந்தக் குண்டுகளால்தான். வெடிக்காத குண்டு இன்னும் எத்தனை கிடக்கிறதோ தெரியாது, வடக்குச் சரிவு முழுவதையும் சோதிக்க வேண்டும், அதுவரை யாரும் நுழையக் கூடாது என்று கம்பிவேலி போட்டுவிட்டார்கள். இரண்டு வருஷம் ஆகுமாம், மூன்றும் ஆகலாமாம். நான் தேடாத ஒரே இடம் அதுதான். நானே அதை மூட வைத்துவிட்டேன். என் மகனைக் காணவில்லை, உள்ளே விடுங்கள் என்று அதிகாரியிடம் கேட்டேன். நல்ல மனிதர். எழுந்து நின்று பேசினார். "உள்ள ஏதாவது கிடைச்சா முதல்ல உங்களுக்குத்தாம்மா சொல்லுவோம்" என்றார். முடியாது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

நான் தினமும் காலையில் அந்த வேலி வரைக்கும் மிதித்துக்கொண்டு போகிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சாயங்காலம் திரும்பி வருகிறேன். கடைக்காரம்மா மூன்று தடவை டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். மூன்று தடவையும் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போய், பெட்டியோடு திரும்பி வந்தேன். எனக்குப் பைத்தியம் இல்லை. அவன் அங்கே இருந்தாலும் உயிரோடு இல்லை என்று தெரியும். இதோ, எழுதியும்விட்டேன். தெரிந்தும் கால் வரமாட்டேன் என்கிறது.

நீங்கள் வாருங்கள். கடையில் லீவு சொல்லிவிட்டு, சின்னவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள். வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். நான் கத்துவேன். அவனை விட்டுவிட்டு வரச் சொல்கிறாயா என்று நாலு பேர் முன்னால் உங்களை அடிக்கவும் செய்வேன். அப்போது நீங்கள் பாவம் பார்க்கக் கூடாது. கையை விட்டுவிடாதீர்கள்.